இரைச்சலில் கேட்குமா நண்பனின் குரல்?

பாபநாசம் அகஸ்தியர் அருவிக்குப் போயிருக்கிறீர்களா? அருவிப் பக்கம் நின்றுகொண்டு அப்பா ஏதோ சொல்வார். வாய் அசைவது தெரியும்; என்ன சொன்னார் என்பது தெரியாது. பத்தடி தள்ளி வந்த பிறகுதான் "துண்டை எடு" என்றார் என்பது புரியும்!

காதில் 'காக்ளியர் இம்ப்ளான்ட்' கருவி பொருத்திய உங்கள் வகுப்புத் தோழனுக்கு, மின்விசிறி கடகடக்க நாலு பேர் ஒன்றாகப் பேசும் வகுப்பறையே ஓர் அருவிதான். ஏன் தெரியுமா?

காதுக்குள் ஒரு நத்தை

நம் உட்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் பெயர் காக்ளியா. ஒலியை நரம்புக்குச் சொல்லும் முக்கிய வேலையைச் செய்பவை, அதிலுள்ள சுமார் 3,500 நுண்ணிய மயிர்ச் செல்கள்.

நெல்லையப்பர் கோயில் இசைத் தூண்களில் ஒவ்வொரு சிறு தூணும் ஒவ்வொரு சுரம் தரும் அல்லவா? காக்ளியாவும் அப்படித்தான். வாசல் பக்கம் கீச்சொலிக்கு. சுருளின் உள்முனை கனத்த ஒலிக்கு.

மயிர்ச் செல்கள் பழுதானவர்களுக்குத்தான் இந்தக் கருவி. வெளியே உள்ள மைக் ஒலியை வாங்கும். உள்ளே மெல்லிய கம்பியில் உள்ள மின்முனைகள் நரம்பை நேரடியாகத் தூண்டும். பல மின்முனைகள் கொண்ட கருவியை 1978இல் ஆஸ்திரேலியாவில் பொருத்திக் காட்டியவர் டாக்டர் கிரீம் கிளார்க். சுருளுக்குள் கம்பியை எப்படி நுழைப்பது? கடற்கரையில் கிடந்த ஒரு சிப்பிக்குள் புல்லைச் செருகிப் பார்த்தே அவர் வழி கண்டுபிடித்தார்!

ஆனால், மின்முனைகள் 12 முதல் 22 வரைதான். 3,500 செல்களின் வேலையை 22 முனைகள் செய்தால்? அமைதியான அறையில் பேச்சு புரிந்துவிடும். இரைச்சலிலோ குரலும் சத்தமும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

முன்பே சொல்ல முடியுமா?

அமைதியில் ஒரே மதிப்பெண் வாங்கும் இருவர், இரைச்சலில் வெவ்வேறு மதிப்பெண் வாங்கலாம். அதனால் இரைச்சலை ஓடவிட்டே சோதிக்கிறார்கள். நீங்களும் செய்து பாருங்கள். ரேடியோவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்து 'உஸ்' சத்தம் வரச் செய்யுங்கள். நண்பன் "7, 2, 5" என மூன்று எண்கள் சொல்லட்டும். சத்தத்தை மெல்லக் கூட்டுங்கள். எப்போது பாதி விடை தப்பாகிறதோ, அதுதான் உங்கள் எல்லை!

யாருக்கு எவ்வளவு புரியும் என்று முன்கூட்டியே கணிக்கவும் விஞ்ஞானிகள் முயல்கிறார்கள். எத்தனை வயதில் கருவி பொருத்தினார்கள், அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் கேட்காமல் இருந்தது, மின்முனை எங்கே அமர்ந்துள்ளது, நரம்பு எப்படி உள்ளது என்றெல்லாம் பார்க்கிறார்கள். சொற்களே இல்லாத இரண்டு ஒலிகளைக் கேட்கச் செய்து, நுண்ணிய வித்தியாசம் தெரிகிறதா என்றும் சோதிக்கிறார்கள். ஆனாலும் எந்த ஒரு சோதனையும் முழு விடை தருவதில்லை.

பிறவியிலேயே கேட்காத குழந்தைக்குச் சீக்கிரம் பொருத்துவது நல்லது என்பது மட்டும் உறுதி. தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை உண்டு. பாளையங்கோட்டையில் உள்ள நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இது செய்யப்படுகிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* முகம் பார்த்துப் பேசுங்கள். கத்த வேண்டாம், நிறுத்தி, தெளிவாகச் சொல்லுங்கள்.
* ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள்.
* ஜன்னலுக்கும் மின்விசிறிக்கும் தள்ளி, முன் பெஞ்சில் இடம் கொடுங்கள்.
* புரியவில்லை என்றால் "ஒண்ணுமில்லை, விடு" என்று சொல்லாதீர்கள். வேறு சொற்களில் திரும்பச் சொல்லுங்கள்.

அருவியை நிறுத்த நம்மால் முடியாது. நண்பனைப் பத்தடி தள்ளி அழைத்துப் போய்ப் பேச முடியும் அல்லவா?