வேகங்கூட்டிய மோட்டார் வண்டியின் மந்தகதி

மோட்டார் வண்டியின் ஆற்றலைப் பெருக்க விழைவோர் பலர். அவர்கள் பெரிய காபரேற்றர், வேறு காம் தண்டு, அகன்ற புகைக்குழாய் என ஒவ்வொன்றாகப் பொருத்துவர். அதன்பின் நெடுஞ்சாலையில் வண்டி விரைந்தோடும். ஆயின் சந்தியில் நின்று புறப்படுங்கால் திணறும். இம்மந்தம் பழுதினால் வந்ததா, அன்றிச் செய்த மாற்றத்தின் இயல்பான விளைவா? இதனைப் பிரித்தறியாதார் நல்ல உறுப்புக்களையும் கழற்றியெறிந்து பணத்தை வீணாக்குவர். ஆதலின் அதனை அறியும் நெறியை ஈண்டு ஆராய்வாம்.

பெற்றோல் எஞ்சினில் கலவை உட்புகும் வால்வு, பிஸ்டன் கீழெல்லையை அடைந்தவுடன் மூடுவதில்லை. சிறிது பிந்தியே மூடும். எஞ்சின் விரைந்து சுழலுங்கால் உட்பாயும் கலவை தன் சடத்துவத்தால் தொடர்ந்து புகுந்து உருளையை நிரப்பும். மெதுவாகச் சுழலுங்கால் அவ்வேகம் இன்மையால், மேலெழும் பிஸ்டன் கலவையின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். மேலும், புகுவால்வும் புகைவால்வும் ஒருங்கே திறந்திருக்கும் காலம் நீளின், எரிந்த வாயு புதுக்கலவையோடு கலந்து அதன் வலுவைக் குறைக்கும். வேகங்கூட்டும் காம் தண்டுகள் இவ்விரண்டையும் மிகுவிப்பன.

பிரித்தானியாவில் 1959 இல் வெளிவந்த ‘மினி’ வண்டி இதற்குத் தக்க சான்றாகும். அதன் 848 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் புகுவால்வு கீழெல்லைக்குப்பின் 45 பாகையில் மூடியது. முறுக்குவிசை நிமிடத்துக்கு 2,900 சுற்றில் உச்சமடைந்தது. 1961 இல் வந்த 997 கன சென்ரிமீற்றர் ‘மினி கூப்பர்’ வண்டியில் அவ்வால்வு 56 பாகையில் மூடியது, காபரேற்றரும் இரண்டாயிற்று. வலு 34 இலிருந்து 55 பரிவலுவாக உயர்ந்தது. முறுக்குவிசையின் உச்சமோ 3,600 சுற்றுக்கு ஏறிற்று. வல்லுநர் அளவறிந்து செய்த மாற்றமே இத்தகையதாயின், பந்தயத்துக்குரிய காம் தண்டைத் தெருவண்டியிற் பூட்டுவதால் வரும் விளைவை ஊகித்துக்கொள்ளலாம்.

எனினும், மாற்றத்தின்மேற் பழிசுமத்துமுன் பழுது இல்லையென உறுதிசெய்தல் வேண்டும். முதலில் உருளைகளின் அமுக்கத்தை அளத்தல் தகும். ஓர் உருளையில் மட்டும் அளவு குறையின் அது பழுதேயாம். அதனுட் சிறிது எண்ணெய் விட்டு அளக்குங்கால் அளவு உயரின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன என்றும், உயராவிடின் வால்விலோ காஸ்கற்றிலோ கசிவு உண்டென்றும் கருதலாம். எல்லா உருளைகளிலும் ஒரே சீராகக் குறைந்து, எண்ணெய் விட்டும் உயராவிடின், அது பிந்தி மூடும் வால்வின் விளைவாகலாம். அன்றிக் காம் தண்டின் சங்கிலிச்சக்கரம் ஒரு பல் தவறிப் பூட்டப்பட்டதாகவும் இருக்கலாம். சக்கரத்திலுள்ள குறிகளை ஒப்புநோக்கின் உண்மை புலப்படும்.

இரண்டாவதாக நோக்கற்பாலது தீப்பொறி எழும் நேரம். மெதுவான சுழற்சியில் எரிந்த வாயு கலந்த கலவையிற் சுவாலை மெல்லவே பரவும். ஆதலின் மாற்றிய எஞ்சினுக்குத் தீப்பொறி பெரும்பாலும் முன்னையினுஞ் சற்று முந்தி எழல் வேண்டும். பழைய அளவிலேயே விடின் மந்தம் மிகும். அளவு கடந்து முந்துவிப்பின் தட்டொலி எழுந்து பிஸ்டனுக்குக் கேடு விளையும்.

மூன்றாவது கலவையின் விகிதம். காபரேற்றர் பொருந்தும் மூட்டிற் காற்றுப் புகுந்தால் கலவையிற் பெற்றோல் குறையும். இக்குறை மெதுவான சுழற்சியிலேயே மிகத் தாக்கும். மினியிலுள்ள எஸ்.யூ. காபரேற்றரின் மேற்பகுதியில் நிற்கும் எண்ணெய் வற்றினால், மிதியை அழுத்தியவுடன் எஞ்சின் ஒரு கணந் தடுமாறும். சிறிதளவு எண்ணெயால் தீரும் இக்குறைக்காகக் காபரேற்றரையே மாற்றுதல் பேதைமையாகும்.

ஒன்றைத் திருத்தியபின் வண்டியை அதே ஏற்றத்தில், அதே கியரில் ஓட்டிப் பார்த்த பின்னரே அடுத்ததைத் தொடுதல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றியவன், குணந் தந்தது எதுவென அறியமாட்டான்.

இவையாவும் செவ்வனே இருந்தும் மந்தம் நீங்காவிடின், காம் தண்டே காரணமெனத் துணியலாம். அந்நிலையில் மிதமான காம் தண்டுக்கு மீளுதலோ, கியர் விகிதத்தை மாற்றுதலோ செய்யத்தக்கது. நகர்த்தெருவில் ஓடும் வண்டி தன் வாழ்நாளிற் பெரும்பகுதியைக் குறைந்த சுற்றிலேயே கழிப்பது. ஆதலின், வண்டி எங்கே ஓடவேண்டும் என்பதை முதலில் துணிந்து, அதன்பின் உறுப்புக்களை வாங்குதலே அறிவுடைமையாம்.