லார்ட்ஸில் அந்த 38... தெரியுமா?

அச்சங்குளம் பக்கம் கண்மாய் வற்றிவிட்டால் அதற்குப் பெயர் கண்மாய் இல்லை, லார்ட்ஸ்! சீமைக்கருவேலந்தான் பவுண்டரி. முள்ளுக்குள் பந்து போனால் அடித்தவனே போய் எடுத்து வர வேண்டும். அதனாலேயே சிக்ஸர் அடிக்கப் பயப்படும் ஒரே மைதானம் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி, அபிஷேக் சர்மா 54 பந்துல 135 அடிச்சான், தெரியுமா?" தெரியும். 2025 பிப்ரவரி 2, மும்பை வான்கடே, இங்கிலாந்துக்கு எதிராக, 13 சிக்ஸர். "வைபவ் சூர்யவன்ஷி, 14 வயசு, ஐபிஎல்ல 35 பந்துல நூறு!" அதுவும் தெரியும். அதே வருடம் ஏப்ரல் 28, ஜெய்ப்பூர். "சரி தம்பிகளா, 57 பந்தில் 38 ரன் எடுத்து உலகத்தையே வாய் பிளக்க வைத்த மெட்ராஸ்காரரை உங்களுக்குத் தெரியுமா?"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. "57 பந்துல 38-ஆ? எங்க டீம்ல இருந்தா தூக்கிருவோம் அண்ணாச்சி!"

இருங்கள். அந்த 38-ஐப் பிரித்துப் பாருங்கள். ஏழு பவுண்டரி, ஒரு சிக்ஸர். அதாவது 34 ரன் எட்டே பந்தில்! மிச்சம் 49 பந்தில் வந்தது வெறும் நாலு ரன்! 1983 ஜூன் 25, லார்ட்ஸ், உலகக்கோப்பை இறுதி ஆட்டம். எதிரே வெஸ்ட் இண்டீஸின் ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங். கார்னர் அன்றைக்கு 12 ஓவர் போட்டு 24 ரன்தான் கொடுத்தார். அப்படிப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் ராபர்ட்ஸின் பந்தை ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி ஆஃப் பக்கம் விளாசினார் பாருங்கள், கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். அந்த ஒரு ஷாட்டை இன்றைக்கும் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். இந்தியா மொத்தம் 183. வெஸ்ட் இண்டீஸ் 140. இரண்டு பக்கமும் சேர்த்து அன்று ஆடிய 22 பேரில் ஒருவர்கூட 38-ஐத் தாண்டவில்லை. விவியன் ரிச்சர்ட்ஸே 33-தான்!

இதைவிட ஒரு வேடிக்கை உண்டு. எட்டு வருடம் முன்னால், 1975 ஜூன் 7. முதல் உலகக்கோப்பையின் முதல் நாள். அதே லார்ட்ஸ். இங்கிலாந்து 60 ஓவரில் 334 எடுத்துவிட்டது. இந்தியாவுக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய சுனில் கவாஸ்கர் 60 ஓவர் முடியும் வரை நின்றார். எத்தனை எடுத்தார் தெரியுமா? 36! எத்தனை பந்தில்? 174! ஆட்டமிழக்கவே இல்லை! அதே கவாஸ்கரோடு ஜோடியாக இறங்கிய பையன்தான் 1983-ல் அந்த 38-ஐ அடித்தது. 36-க்கும் 38-க்கும் இரண்டு ரன் வித்தியாசம், 117 பந்து வித்தியாசம். இந்திய ஒருநாள் ஆட்டம் மாறிய கதை மொத்தமும் இந்தக் கழித்தல் கணக்குக்குள் அடங்கிவிடும் என்பது என் கட்சி.

இந்த இடத்தில் பத்திரிகைகள் வழக்கமாக "வெடித்தார்" என்று எழுதும். எனக்குக் கை வரவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று இதே அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை விபத்தில் போனவர்கள் ஒருவர் இருவர் அல்ல. மருந்து உராய்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஊரில் அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூட எடுக்க மனசில்லை. புஸ்வாணம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம். நின்று எரியாது, ஆனால் பற்றிய நொடியில் தெருவே அண்ணாந்து பார்க்கும்.

சரி, ஆள் யார்? 1959 டிசம்பர் 21-ல் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படித்தவர்! செல்லப் பெயர் சீக்கா. 1981 நவம்பர் 25-ல் அகமதாபாத்தில் முதல் ஒருநாள் ஆட்டம், இரண்டே நாள் கழித்துப் பம்பாயில் முதல் டெஸ்ட். அந்த டெஸ்டில் முதல் இன்னிங்ஸ் முட்டை. இரண்டாவதில் பந்தைத் தட்டிவிட்டு, ஏதோ யோசனையில் கிரீஸை விட்டு வெளியே உலாத்தப் போனார். இங்கிலாந்தின் எம்புரி எறிந்தார், ரன் அவுட்! ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே ஸ்கொயர் லெக் பக்கம் ஒரு நடை, மூக்கை ஒரு சுழிப்பு, சூரியனை ஒரு பார்வை. இந்தப் பழக்கம் கடைசி வரை போகவில்லை.

1983-க்குக் கிளம்பும்போது கல்யாணமாகிச் சில மாதம்தான். லண்டன் வழியாக அமெரிக்காவுக்குத் தேனிலவு போகத் திட்டம் போட்டுத்தான் விமானம் ஏறினாராம். கோப்பையைப் பற்றி நினைப்பே இல்லை என்று அவரே மேடைக்கு மேடை சொல்லிச் சிரிக்க வைப்பார்.

பந்து போடுவார் என்பது தெரியுமா? 1988 டிசம்பர், விசாகப்பட்டினம், நியூசிலாந்து. 70 ரன்னும் எடுத்து 27 ரன்னுக்கு ஐந்து விக்கெட்டும் எடுத்தார்! ஒரே ஒருநாள் ஆட்டத்தில் அரைச்சதமும் ஐந்து விக்கெட்டும் எடுத்த முதல் இந்தியர். 1989-ல் பாகிஸ்தான் போனபோது கேப்டன். நாலு டெஸ்டும் டிரா. அந்தத் தொடரில் கராச்சியில் அவர் அணியில் முதன்முதலாக இறங்கிய 16 வயதுப் பையன் சச்சின் டெண்டுல்கர்! கடைசி டெஸ்ட் 1992-ல் பெர்த். அங்கே ஒரே இன்னிங்ஸில் ஐந்து கேட்ச் பிடித்து அன்றைய உலக சாதனையைச் சமன் செய்தார்.

சராசரி? டெஸ்டிலும் ஒருநாளிலும் முப்பதைத் தொடவில்லை. 146 ஒருநாள் ஆட்டம், 4091 ரன், நாலு சதம். தாளில் பார்த்தால் சாதாரணம். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவரை எடைபோட்டவர்கள், அவர் இறங்கும் நேரம் பார்த்து ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டு உட்காராதவர்களாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் வாய் திறந்து கேட்டார்கள் பையன்கள். கேட்டவர்களில் ஒருவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றான். லெக் பக்கம் நாலு எட்டு நடந்தான், மூக்கைச் சுழித்தான், நிமிர்ந்து உச்சி வெயிலை நன்றாகப் பார்த்தான். கண் இருட்டிக்கொண்டு வர, முதல் பந்திலேயே ஸ்டம்பு பறந்தது.