குழந்தையின் பல் சிகிச்சைக்கு ரப்பர் தாள் எதற்கு?

பால்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யும்போது மருத்துவர் விரல் நுனியில் பிடித்திருப்பது ஃபைல் எனப்படும் மெல்லிய ஊசி. வேரைக் கழுவப் பெரும்பாலும் பயன்படுவது சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் திரவத்தில் இருக்கும் அதே சரக்கு. அந்த நேரம் பார்த்து ஐந்து வயதுக் குழந்தை வெடுக்கென்று தலையைத் திருப்பினால்? ஃபைல் வயிற்றுக்குள் போகலாம். மூச்சுக்குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இதற்குத் தடுப்புதான் ரப்பர் டேம் எனப்படும் ரப்பர் தாள். ஒன்றும் புதிதல்ல, 1864இல் சான்ஃபோர்ட் பார்னம் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் அறிமுகப்படுத்தியது.

குழந்தைகளுக்கு 5 அங்குலச் சதுரத் தாள். அதில் துளை போட்டு, சிகிச்சை தேவைப்படும் பல்லை மட்டும் வெளியே எடுப்பார்கள். கிளாம்ப் என்ற கவ்வி பல்லின் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். வாய்க்கு வெளியே ஒரு சட்டம் தாளை விரித்துப் பிடிக்கும். கிளாம்பில் முன்கூட்டியே ஃப்ளாஸ் நூலைக் கட்டி, நுனியை வெளியே தொங்கவிடுவது வழக்கம். கிளாம்ப் நழுவினாலும் உடைந்தாலும் சட்டென்று இழுத்து எடுக்கலாம். சின்ன நூல்தானே என்று இதை விட்டுவிடக் கூடாது.

இன்னொரு லாபம், ஈரம் படாதது. பல் நிற காம்போசிட் அடைப்பு, எச்சில் பட்டால் சரியாக ஒட்டாது. டேம் போட்டால் அடைப்பு கூடுதல் காலம் நிற்கும் என்பதற்கான ஆய்வுச் சான்று இன்னும் அவ்வளவு வலுவாக இல்லை. ஆனாலும் டேம் போடப் பாதுகாப்பு ஒன்றே போதுமான காரணம்.

பிறகு ஏன் பலர் போடுவதில்லை? “குழந்தை ஒத்துழைக்காது, நேரம் பிடிக்கும்” என்பார்கள். முதல் பாதியை அப்படியே ஏற்க முடியாது. குழந்தைகள் பல் மருத்துவர்கள் தாளைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள்; “இது உன் பல்லுக்கு ரெயின்கோட்” என்று தாளையும், “இது பட்டன்” என்று கிளாம்பையும் காட்டுகிறார்கள். ஈறு மரத்த பிறகுதான் கிளாம்ப் ஏறும். மாட்டச் சில நிமிடம் ஆகும், உண்மைதான். ஆனால் அடிக்கடி எழுந்து துப்புவது, நாக்கு குறுக்கே வருவது, பஞ்சு மாற்றுவது எல்லாம் தவிரும்.

எல்லாச் சிகிச்சைக்கும் இது வேண்டாம். ஃப்ளோரைடு பூச டேம் தேவையில்லை. மூக்கடைப்பு இருந்தால் குழந்தைக்கு மூச்சுவிடச் சிரமம். அப்போது அவசரமில்லாத சிகிச்சையைத் தள்ளிப் போடலாம். பலூன் ஊதினால் உதடு தடிக்கும் குழந்தை என்றால், லேடெக்ஸ் ஒவ்வாமை இருக்கலாம். முன்பே சொல்லிவிடுங்கள், லேடெக்ஸ் இல்லாத தாளும் உண்டு. வேர் சிகிச்சை என்றால், “ரப்பர் டேம் போடுவீர்களா டாக்டர்?” என்று நாற்காலியில் உட்கார வைக்கும் முன்பே கேளுங்கள்.