சீருடையை அறிந்த ஊர்

2024 நவம்பரில் திருச்சூர் நகரக் காவல்துறை தன் சமூக ஊடகப் பக்கத்தில் சிறு காணொளி ஒன்றை வெளியிட்டது. மும்பை காவல்துறை அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, காக்கிச் சீருடையும் அணிந்துகொண்டு, காணொளி அழைப்பில் ஒருவன் தோன்றுகிறான். எதிர்முனையில் இருப்பவர் தம் கைபேசியின் கேமரா சரியாக இயங்கவில்லை என்கிறார். சற்று நேரத்தில் கேமரா இயக்கப்படுகிறது. திரையில் தெரிபவரும் காக்கிச் சீருடையிலேயே இருக்கிறார்! அவன் அழைத்திருந்தது திருச்சூர் காவல்துறையின் சைபர் பிரிவு அலுவலர் ஒருவரை. இந்தத் தொழிலை விட்டுவிடு என்ற அறிவுரை அவனுக்குக் கிடைக்கிறது.

அக்காணொளியைக் கண்டு நாடே சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் நமக்கு அதில் சிந்திக்கவும் இடமுண்டு. அதே அழைப்பு, ஓய்வூதியத்தில் தனியே வாழும் ஓர் ஆசிரியைக்குச் சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?

திருச்சூர் பெருநகரமன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதன் மாநகராட்சிப் பகுதியில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 3.16 இலட்சம் பேர். ஆனால் பணம் புழங்கும் ஊர். இன்றளவும் இயங்கிவரும் மூன்று வங்கிகள் 1920க்கும் 1929க்கும் இடையில் இங்கே தோன்றின. கேரள அரசின் சிட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ. 1969இல் தொடங்கப்பட்டு, இவ்வூரையே தலைமையிடமாகக் கொண்டுள்ளது. தங்க நகைத் தொழிலுக்கும் திருச்சூர் பெயர்பெற்றது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பும் பணம் வைப்புத்தொகையாகச் சேர, பெற்றோர் மட்டும் வீட்டில் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். மோசடிக்காரர்கள் தேடுவதும் இத்தகைய வீடுகளையே.

'டிஜிட்டல் கைது' என்னும் மோசடியின் மூலதனம் அச்சம் ஒன்றுதான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதார் எண்ணில் கறுப்புப் பணம் கைமாறியது என்று தொடங்குவார்கள். கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது என்பார்கள். முடிவில், விசாரணை முடியும்வரை பணத்தை 'அரசுக் கணக்கிற்கு' மாற்றச் சொல்வார்கள். அந்த அச்சம் எவ்வளவு ஆழமானது என்பதற்குச் சங்கனாச்சேரியில் அதே நவம்பரில் நிகழ்ந்ததே சான்று. வாடிக்கையாளர் ஒருவர் பெருந்தொகையை அனுப்பியதில் ஐயம் கொண்ட வங்கி அலுவலர்கள் காவல்துறைக்குத் தகவல் தந்தனர். காவலர்கள் வீடு தேடிச் சென்றனர். அப்போதும் திரையில் இருந்த போலிக் காவலனுக்கு அஞ்சி, வாசலில் நின்ற உண்மைக் காவலருடன் ஒத்துழைக்க அவர் தயங்கினார். பணத்தின் பெரும்பகுதி மீட்கப்பட்டது என்பது ஆறுதல்.

முன்பின் அறியாத சீருடைக்கு அஞ்சுகிறவர், தம் தெருவுக்கு வரும் காவலரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடியவராக இருந்தால் இப்படித் தயங்கியிருப்பாரா? இக்கேள்விக்குக் கேரளக் காவல்துறை ஓரளவு விடை வைத்திருக்கிறது. நீதிபதி கே.டி. தாமஸ் தலைமையிலான காவல்துறைச் சீர்திருத்த ஆணையத்தின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2008 மார்ச்சில் 'ஜனமைத்ரி சுரக்ஷா' என்ற திட்டம் 20 காவல் நிலையங்களில் தொடங்கப்பட்டுப் பின்னர் மாநிலமெங்கும் விரிந்தது. மக்களோடு நட்புக்கொண்டு காக்கும் காவல் என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம்.

திட்டத்தின் உயிர்நாடி 'பீட் ஆபீசர்' எனப்படும் காவலர். ஏறத்தாழ 500 வீடுகள் அவர் பொறுப்பில் விடப்படுகின்றன. வழக்கு எதுவும் இல்லாதபோதே அவர் அவ்வீடுகளுக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரையேனும் நேரில் அறிந்திருக்க வேண்டும். தனித்து வாழும் முதியோர் யார், பூட்டிக் கிடக்கும் வீடு எது, எந்தத் தெருமுனையில் விளக்கு எரிவதில்லை என்பனவெல்லாம் அவர் குறிப்பேட்டில் ஏறும். நிலையந்தோறும் அப்பகுதி மக்களைக் கொண்ட குழு ஒன்று உண்டு. குற்ற வழக்கில் சிக்கியவர்களுக்கும் அரசியல் கட்சிப் பொறுப்பாளர்களுக்கும் அதில் இடமில்லை. அந்த விதியை வகுத்தவர் ஊர் நடப்பை நன்கறிந்தவர் என்றே நமக்குத் தோன்றுகிறது.

வாசலுக்கு வந்து நலம் விசாரிக்கும் காவலரை முதலில் மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பே. பக்கத்து வீட்டார் சன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும் நம் நாட்டில் எல்லா ஊர்களுக்கும் பொது. இரண்டாம் முறை வரும்போது கதவு சற்று எளிதாகத் திறக்கும். பேச்சு பிள்ளைகளைப் பற்றியும் மருந்து மாத்திரைகளைப் பற்றியும் செல்லும். அங்கே காவலர் ஓடிபி எண்ணைப் பற்றிச் சொல்லும் ஒரு சொல், நாளிதழில் நாம் வெளியிடும் பத்து விளம்பரங்களுக்குச் சமம். இதை வங்கித் தரப்பில் ஒப்புக்கொள்வதில் நமக்குக் கூச்சமில்லை.

குற்றவாளிகளைத் துரத்துவதிலும் இச்சிறு நகரம் தன் பங்கை ஆற்றியதுண்டு. 2024 செப்டம்பர் 27 அதிகாலையில் திருச்சூர் மாவட்டத்தில் மூன்று ஏ.டி.எம்.கள் கேஸ் கட்டரால் அறுக்கப்பட்டு, 60 இலட்சம் ரூபாய்க்கு மேல் கொள்ளை போயிற்று. எச்சரிக்கை அண்டை மாவட்டங்களுக்குப் பறந்தது. கண்டெய்னர் லாரிக்குள் காரை மறைத்துக்கொண்டு சென்ற கும்பலை அன்றே நாமக்கல் மாவட்டக் காவல்துறையினர் மடக்கினர். அம்மோதலில் கும்பலைச் சேர்ந்த ஒருவன் கொல்லப்பட்டான். பரபரப்பான செய்திதான். ஆனால் ஏ.டி.எம்.மில் இருப்பது வங்கியின் பணம். அதனால் எந்த வாடிக்கையாளர் கணக்கிலும் ஒரு ரூபாயும் குறைவதில்லை. ஓசையின்றி வரும் ஒரு காணொளி அழைப்போ நேராகக் குடும்பத்தின் சேமிப்பில் கை வைக்கிறது. 2024இல் மட்டும் இணையவழி நிதி மோசடிகளில் நம் நாட்டு மக்கள் இழந்தது ஏறத்தாழ 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டுள்ளது.

மக்களின் நம்பிக்கை ஒருமுறை ஈட்டி வைத்துவிடும் சொத்தன்று என்பதையும் திருச்சூரே காட்டியது. வடக்குநாதர் கோயிலைச் சூழ்ந்த தேக்கின்காடு மைதானத்தில் ஆண்டுதோறும் பூரம் நடக்கிறது. யானைகளுக்கும் வாணவேடிக்கைக்கும் நடுவே கடலெனத் திரளும் கூட்டத்தைக் காப்பது அந்நகரக் காவலர்களின் ஆண்டுத் தேர்வு. 2024 ஏப்ரலில் அவர்கள் விதித்த கட்டுப்பாடுகள் கடும் மனக்கசப்பை விளைவித்தன. பின்னிரவில் நிகழ வேண்டிய வாணவேடிக்கை பொழுது விடிந்த பிறகே நடந்தது. நகர ஆணையரை மாற்றும் முடிவை அரசு எடுத்தது. சீருடையைப் பார்த்துச் சிரிக்கவும் சினம் கொள்ளவும் கேள்வி கேட்கவும் மக்களுக்கு இயலுகிறது என்பதை நாம் குறையாகக் கருதவில்லை.

கேள்வி கேட்கச் சட்டமும் துணை நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆம் பிரிவின்படி, கைது செய்யும் அலுவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுதப்பட வேண்டும். குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்பிற்குரிய ஒருவரோ அதில் சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். அதாவது, கைது என்பது சாட்சியின் முன் நிகழ்வது. யாரிடமும் சொல்லாதே என்ற கட்டளைக்கு அங்கே இடமே இல்லை. கைபேசித் திரை வழியே கைது செய்யும் முறை எதுவும் நம் சட்டத்தில் இல்லை.

இவ்வளவு அறிந்தும் ஒருவேளை பணம் போய்விட்டால், உடனே அழைக்க வேண்டிய எண் 1930. அழைப்பை ஏற்பது அந்தந்த மாநிலக் காவல்துறை. உங்கள் கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், பணம் சென்ற நாள், நேரம், தொகை, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கேட்பார்கள். அவ்விவரம் கணினி வழியே பணம் சென்று சேர்ந்த வங்கிக்குப் போகிறது. பணம் அங்கேயே இருந்தால் நிறுத்திவைக்கப்படும். வேறு வங்கிக்கு நகர்ந்திருந்தால், விவரமும் அதைப் பின்தொடர்ந்து அடுத்த வங்கிக்குச் செல்லும். மோசடிக் கும்பல்கள் சில நிமிடங்களிலேயே தொகையைப் பல கணக்குகளுக்குப் பிரித்துவிடுவதால், பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாவா என்று யோசித்துக் கழியும் இரவு மிகுந்த விலையுள்ளது. நடந்ததைக் கேட்டு உங்களைக் கடிந்துகொள்வது 1930இல் பேசுபவரின் வேலையன்று.

அழைத்தபின் கிடைக்கும் ஒப்புகை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் முறையான புகாரைப் பதிவு செய்ய வேண்டும். நம் கிளைக்கு வரும்போது அந்த எண்ணையும் கணக்கு அறிக்கையையும் உடன் கொண்டுவாருங்கள்.