குசினிக்குள் இருந்த வரலாறு

"சமைக்கிறதைப் பாக்கவும் ஆக்கள் காசு குடுத்துப் போவினமோ, சுவாமி?" என்று மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஒரு தாய் கேட்டார். அமெரிக்காவில் பழைய வீடுகளை நூதனசாலைகளாக வைத்து, அங்கே அந்தக் காலத்து முறைப்படி சமைத்துக் காட்டுகிறார்கள் என்று நான் சொன்னதற்கு எழுந்த கேள்வி அது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நல்ல கேள்வி. அன்று நேரம் போதாமல் அரைகுறையாகச் சொன்னதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

ஐக்கிய அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், ஒரு குன்றின்மேல் மொன்டிசெல்லோ என்னும் மாளிகை இருக்கிறது. மனிதர் யாவரும் சமம் என்று கூறும் 1776 ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவரும், பின்னர் அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதியானவருமான தோமஸ் ஜெபர்சனின் வீடு அது. அதே மனிதர் தம் வாழ்நாளில் 600 இற்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாக வைத்திருந்தார். அவருடைய விருந்துகளைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். யார் சமைத்தார்கள் என்பது நெடுங்காலம் பேச்சில் வரவேயில்லை.

சமைத்தவர்களுள் ஒருவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். 1784 இல் ஜெபர்சன் பிரான்சுக்குப் போனபோது, சமையல் படிப்பிப்பதற்காக 19 வயதான இந்த அடிமை இளைஞரையும் கூட்டிச் சென்றார். சில வருடங்களில் ஹெமிங்ஸ் பாரிசில் இருந்த ஜெபர்சன் வீட்டின் தலைமைச் சமையற்காரரானார். நாடு திரும்பிய பின், 1793 இல், ஜெபர்சன் ஓர் ஒப்பந்தம் எழுதினார்: இன்னொருவருக்குச் சமையலைப் பழக்கிவிட்டால் உனக்கு விடுதலை. ஹெமிங்ஸ் தம் தம்பி பீற்றருக்குப் பழக்கினார். 1796 இல் விடுதலை கிடைத்தது. அதாவது, தம்பியைத் தம் இடத்தில் நிறுத்திவிட்டே அண்ணன் வெளியே வரவேண்டியிருந்தது. போகுமுன் குசினிச் சாமான்களைத் தம் கைப்பட எழுதிய பட்டியல் இன்றும் இருக்கிறது.

அந்தக் குசினியின் அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். செங்கல்லால் இடுப்பளவு உயரத்துக்குத் திண்ணைபோலக் கட்டி, மேலே குழிகள் விட்டு, குழிக்குள் இரும்புத் தட்டி வைத்து அதில் தணல் இடுவார்கள். ஒவ்வொரு குழிக்கும் வெவ்வேறு சூடு. பாலும் முட்டையும் சேர்த்துக் காய்ச்சுபவை திரையாமல் வருவதற்கு இந்த மெல்லிய சூடு தேவை. 2017 இல் முதலாவது குசினி இருந்த நிலவறையை அகழ்ந்தபோது இத்தகைய அடுப்புகளின் அடிப்பகுதிகள் வெளிப்பட்டன. நிலத்தில் மூன்று கல் வைத்து, குனிந்து நின்று புகை குடிக்கும் எங்கள் பெண்களுக்கு, அடுப்பை உயர்த்திக் கட்டுவதன் அருமையை நான் விளக்கத் தேவையில்லை.

இத்தகைய இடங்களில் செயல்முறை காட்டுபவர்கள் அந்தக் காலத்து உடுப்புடன் வந்து, விறகு எரித்துத் தணலாக்கி, கனத்த இரும்புச் சட்டிகளில் சமைக்கிறார்கள். மூடியின் மேலும் கீழும் தணலிட்டுச் சுடுகிறார்கள். எங்கள் ஊர்களில் அப்பம் அப்படிச் சுட்டதைக் கண்ட ஆச்சிமார் இன்னும் இருக்கிறார்கள். ஒரு குறை: பல இடங்களில் சுகாதார விதிகள் காரணமாகப் பார்வையாளருக்குச் சாப்பிடக் கொடுப்பதில்லை. மணம் மட்டும்தான்!

மாளிகைக்கு வெளியே, அடிமைக் குடிசைகளில் வேறு சமையல் நடந்தது. அவர்களுக்கு வாராவாரம் கிடைத்தது சோளமாவும், கொஞ்சம் உப்பிட்ட இறைச்சியும், சில உப்பு மீனும். அடிமைத்தனமும் இடப்பெயர்வும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் பங்கீட்டு மாவில் பிள்ளைக்கு ருசி காட்டுவதென்றால் என்னவென்று முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் குடிசையைச் சுற்றித் தோட்டம் செய்தார்கள், கோழி வளர்த்தார்கள். மிஞ்சிய மரக்கறியையும் முட்டையையும் மாளிகைக்கே விற்றார்கள். ஜெபர்சனின் பேத்தி 1805 முதல் 1808 வரை எழுதிய கணக்குப் புத்தகத்தில் இந்தக் கொள்வனவுகள் பதிவாகியுள்ளன.

அமெரிக்காவின் தென்பகுதித் தோட்டங்களில் வெண்டியும் கௌபியும் வளர்ந்தது எப்படி? இரண்டும் ஆபிரிக்கப் பயிர்கள். அடிமைக் கப்பல்கள் ஓடிய அதே கடல் வழியால் வந்தவை. தென் கரோலினாவின் நெல் வயல்களில் வேலை செய்த ஆபிரிக்கர்கள் நெல்லை மர உரலில் குற்றி, பின்னிய சுளகில் புடைத்தார்கள். அந்த நெற்செய்கை எசமான்களைப் பெரும் பணக்காரராக்கியது. நெல்லின் சூட்சுமங்களில் பலவற்றை மேற்கு ஆபிரிக்காவிலிருந்து தங்களோடு கொண்டுவந்தவர்களுக்கோ கூலியும் இல்லை, பெயரும் இல்லை.

அந்தப் பெயரை மீட்கும் வேலையைத்தான் மைக்கல் ருவிற்றி என்ற கறுப்பின அமெரிக்க ஆய்வாளர் செய்துவருகிறார். தம் முன்னோர் அடிமைகளாயிருந்த பிரதேசத்தின் பழைய தோட்ட வீடுகளுக்குச் சென்று, அவர்கள் சமைத்தது போலவே திறந்த அடுப்பில் சமைத்துக் காட்டுகிறார். 2017 இல் அவர் வெளியிட்ட நூல் அடுத்த ஆண்டு அந்நாட்டின் முக்கியமான சமையல் நூல் பரிசைப் பெற்றது. பழைய சட்டியைக் காட்டுவது இலகு. சட்டியைப் பிடித்த கையைப் பற்றிச் சொல்வதுதான் கடினம். அதைச் சொல்லாத செயல்முறை, என் எண்ணத்தில், வெறும் வேடிக்கை.

இன்று மொன்டிசெல்லோவின் குசினியில் ஈடித் பொசெற் என்ற பெண்ணின் பெயரைச் சொல்கிறார்கள். ஜனாதிபதி மாளிகையில் பிரெஞ்சுச் சமையற்காரரிடம் பழகி, 1809 முதல் இந்தக் குசினியை நடத்தியவர். ஜெபர்சன் 1826 இல் கடனாளியாக இறந்தார். அடுத்த ஜனவரியில் ஏலம் வைத்தபோது ஈடித்தும் பிள்ளைகளும் விற்கப்பட்டார்கள். மகன் பீற்றருக்கு அப்போது 11 வயது. உயில் மூலம் விடுதலை பெற்ற தகப்பன், இரும்பு வேலை செய்து உழைத்து, குடும்பத்தினரை மெல்ல மெல்ல மீட்டார். பீற்றரின் விடுதலைக்கு 1850 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் அவர் சின்சினாட்டி நகரில் விருந்துச் சமையலில் பேர்பெற்றார், சபையொன்றின் போதகருமானார். 1900 இல், முதிய வயதில், தாம் பிறந்த அந்தக் குன்றுக்கு ஒருமுறை திரும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.