பெட்டி, சாவி, தாலி

‘லாக்கர்’ என்றதும் நம்முடைய நடுத்தர வர்க்க மனசு நேரே பேங்குக்குப் போய்விடும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஆலைகளில் வேலை செய்கிற பெண்ணுக்கு அது வேறு. உள்ளே நுழையுமுன் தன்மீதிருந்து கழற்ற வேண்டியதையெல்லாம் போட்டுவைக்கிற இரும்பு அறை.

பழைய பெட்டியிலிருந்து தொடங்கினால்தான் இது விளங்கும். என் பாட்டியின் தகரப் பெட்டி கல்யாணத்தோடு வந்தது. பஸ் ஸ்டாண்டில் அது உட்காருகிற பலகை. எனக்கு வீட்டுப்பாடம் எழுதும் மேசை. கூரை ஒழுகினால் கட்டில்மேல் முதலில் ஏறுவதும் அதுதான். உள்ளே கூறைப்புடவை, அந்துருண்டை, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ்கள். மூடியின் உட்புறம் ஒட்டிய செய்தித்தாளுக்குப் பின்னால் தாத்தாவுக்குத் தெரியாத ரூபாய் நோட்டுகள். சாவி இடுப்பில். கூட்டுக் குடும்பத்தில் தனக்கென ஒரு மூலைகூட இல்லாத பெண்ணுக்குக் கிடைத்த இரண்டடி ‘வெளி’ அது. மாமியாரின் கொத்துச்சாவி வேறு ரகம். அது ஒளித்து வைப்பதற்கல்ல, அரிசிப் பானைவரை ஆள்வதற்கு.

பெட்டியை ரொம்பவும் கொண்டாடிவிடக் கூடாது. சேரியில் பூட்ட என்ன இருந்தது? செங்கல்பட்டு ஜில்லா தலித் மக்களின் நிலைமை பற்றிக் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். 1892இல் அவர்களுக்கு நிலம் வழங்க ஆணை வந்தது. அந்தப் பஞ்சமி நிலங்களில் கணிசமானவை பிறகு கைமாறின. காகிதம் போய்ச் சேர்ந்தது வேறு யார் யாருடைய பெட்டகத்துக்கோ.

தொழிற்சாலைப் பெட்டி இந்த வரிசையில் சேராதது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, வேலை நேரத்தில் உடுத்தாத துணிகளை வைக்கவும் ஈரத்துணியைக் காயவைக்கவும் இடம் ஒதுக்க மாநில அரசு விதி செய்யலாம் என்றது. ஜெர்மன் நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளி தன் உடுப்பைச் சங்கிலியில் மாட்டி, உத்தரத்துக்கு ஏற்றிப் பூட்டிவிட்டுத்தான் குழிக்குள் இறங்குவான். இரண்டிலும் காக்கப்படுவது அவனுடைய துணி. எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் இது தலைகீழாகிறது. இங்கே காக்கப்படுவது பண்டம், அதுவும் தொழிலாளியின் உடம்பிலிருந்து.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது: ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பூட்டுகிற ஃபாக்ஸ்கான் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை, சொல்லப்பட்ட காரணங்களில் குடும்பப் பொறுப்போடு அவர்கள் அணிகிற நகையும் ஒன்று. நிறுவனம் மறுத்தது. உலோகத்தைக் கழற்றச் சொல்வது எல்லோருக்குமான பாதுகாப்பு விதிதான், மணமானவர் ஆகாதவர் என்ற பேதமில்லை என்று விளக்கமும் வந்தது. இருக்கலாம். ஆனால் ‘எல்லோருக்கும்’ என்கிற அந்தச் சொல்லை ஆண் எளிதாகக் கடந்துவிடுகிறான்; அவன் கழற்ற வேண்டியது மோதிரமும் வாட்சும். அவளுக்குத் தாலி, மெட்டி.

தாலியைக் கழற்றுவது இங்கே புதுசில்லை. சுயமரியாதை இயக்கம் அதை அடிமைச் சின்னம் என்றது. 2015 ஏப்ரல் 14இல் பெரியார் திடலில் பெண்கள் மேடையேறிக் கழற்றினார்கள். எவ்வளவு கூச்சல் எழுந்தது! ஆலை வாசலில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கழற்றச் சொன்னால் எந்தக் கலாச்சாரக் காவலரும் வாய் திறப்பதில்லை. மூலதனத்துக்குத் தாலி அடிமைச் சின்னமுமில்லை, புனிதமுமில்லை, வெறும் உலோகம். ஷிஃப்ட் முடிந்ததும் அவள் அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் கம்பெனி பஸ்ஸில் ஏற வேண்டும். ஊரில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.