இரத்தம் ஏற்றுவது பாவமா?

(வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



சில மாதங்களுக்கு முன்பு, நோயாளிகளைச் சந்திப்பதற்காக ஒரு மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். பிரசவ வார்டுக்கு வெளியே நம் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா கையில் செபமாலையோடு நின்றுகொண்டிருந்தார். மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. ஆனால் இரத்தப்போக்கு நிற்கவில்லை. உடனே இரத்தம் ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மருமகன் கையில் படிவம். அவர் மாமியார் முகத்தைப் பார்க்கிறார். மாமியார் நம்மைப் பார்த்ததும் ஓடிவந்தார். "சாமி, எங்க நாத்தனார் வேற சபைக்குப் போறாங்க. பைபிளைத் திறந்து காட்டி, ரத்தம் ஏத்துனா கடவுளுக்கு ஆகாதுன்னு சொல்றாங்க. ஏத்தலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

"முதலில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் அம்மா. விளக்கம் பிறகு" என்றோம். மருமகன் கையெழுத்திட்டார். இரத்தம் ஏற்றினார்கள். மகள் பிழைத்தாள். குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்த நாளில் அந்த அம்மா மறக்காமல் வந்து, "இப்பச் சொல்லுங்க சாமி" என்றார். கோவில் வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கிறோம்.

அன்புக்குரியவர்களே, அந்த நாத்தனார் காட்டிய வசனங்கள் பொய்யல்ல. அவை நம்முடைய விவிலியத்திலும் இருக்கின்றன. வெள்ளப் பெருக்குக்குப் பின் நோவாவுக்கு இறைச்சி உண்ண அனுமதி கொடுத்த கடவுள், இரத்தத்தோடு உண்ணக்கூடாது என்று எல்லை வகுத்தார் (தொநூ 9:4). லேவியர் நூல் 17ஆம் அதிகாரம் அதற்குக் காரணமும் சொல்கிறது. உடலின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது. பாவக் கழுவாய்க்காகப் பலிபீடத்தில் பயன்படுத்தவே கடவுள் அதைத் தந்திருக்கிறார். வேட்டையாடிய விலங்காக இருந்தாலும் அதன் இரத்தத்தைத் தரையில் ஊற்றி மண்ணால் மூட வேண்டும்.

மண்ணால் மூடுவது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். இறந்தவரைப் புதைப்பது போல, இரத்தத்தையும் மண்ணுக்குள் ஒப்படைக்கிறார்கள். பசிக்கு இறைச்சியை எடுத்துக்கொள், ஆனால் உயிர் உன்னுடையது அல்ல, அதை அதன் உரிமையாளரிடமே திருப்பிக் கொடு என்பதுதான் அந்தச் சட்டம் கற்றுத் தரும் பாடம். இன்றும் சமய ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் யூத வீடுகளில் இறைச்சியைத் தண்ணீரில் ஊறவைத்து, உப்புத் தூவி ஒரு மணி நேரம் வைத்து, இரத்தம் வடிந்த பிறகே கழுவிச் சமைக்கிறார்கள். கொல்லும்போதும் உண்ணும்போதும் உயிரின் மதிப்பை மறக்காதிருக்க அவர்களுக்குக் கிடைத்த அன்றாடப் பயிற்சி அது.

அப்படியானால், ஒருவரின் உயிரே ஆபத்தில் இருக்கும்போது அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? விவிலியத்திலேயே தேடுவோம். சவுல் அரசரின் வீரர்கள் பெலிஸ்தியரோடு போரிட்டு, நாள் முழுவதும் உண்ணாமல் சோர்ந்துபோனார்கள். பசி தாங்காமல் கிடைத்த ஆடுமாடுகளைத் தரையிலேயே அடித்து இரத்தத்தோடு உண்டார்கள் (1 சாமு 14:31-35). அது தவறு என்று சவுல் கண்டித்தார். ஒரு பெரிய கல்லை உருட்டிவரச் செய்து, அங்கே முறையாக அடித்து உண்ணச் சொன்னார். இரத்தத்தோடு உண்டதற்காக ஒருவரும் கொல்லப்பட்டதாக அங்கே இல்லை.

மக்கபேயர் காலத்தில் இன்னொரு நிகழ்ச்சி. பகைவர் ஓய்வுநாளில் தாக்கினார்கள். ஓய்வுநாளை மீறக்கூடாது என்று ஒரு கல்லைக்கூட எடுத்து எறியாமல் ஏறத்தாழ ஆயிரம் பேர் மடிந்தார்கள். இதைக் கேட்ட மத்தத்தியாவும் அவருடைய தோழர்களும் அழுதார்கள். பிறகு, இனி ஓய்வுநாளிலும் உயிரைக் காக்கப் போரிடுவோம் என்று முடிவு செய்தார்கள் (1 மக் 2:29-41). யூத அறிஞர்கள் இந்த வழியிலேயே தொடர்ந்து சிந்தித்தார்கள். கடவுளின் கட்டளைகள் மனிதர் வாழ்வதற்காகத் தரப்பட்டவை, சாவதற்காக அல்ல என்று லேவியர் 18:5க்கு விளக்கம் கண்டார்கள். சிலை வழிபாடு, பாலியல் ஒழுக்கக்கேடு, கொலை ஆகிய மூன்றைத் தவிர மற்றக் கட்டளைகள் எல்லாம் உயிராபத்தில் வழிவிட வேண்டும் என்று வகுத்தார்கள். இறைச்சியில் ஒரு துளி இரத்தமும் தங்கக்கூடாது என்று பல நூற்றாண்டுகளாகக் கவனமாக இருந்துவரும் அந்த மக்கள், இரத்தம் ஏற்றிக்கொள்வதை மறுப்பதில்லை. இஸ்ரயேல் நாட்டில் 'மாகென் தாவித் அதோம்' என்னும் அமைப்பு நாடு முழுமைக்குமான இரத்த வங்கிப் பணியையே நடத்துகிறது.

இங்கே நம்மில் ஒருவர் நியாயமாகவே கேட்கலாம். பன்றி இறைச்சியை உண்ண மறுத்து முதியவர் எலயாசர் உயிர் துறந்தாரே, ஏழு சகோதரர்களும் அவர்களுடைய தாயும் அதற்காகவே கொல்லப்பட்டார்களே, அவர்களைத் திருஅவை போற்றுகிறதே என்று. ஆம், போற்றுகிறது. ஆனால் அவர்கள் முன் வைக்கப்பட்டது உணவு மட்டுமல்ல. அந்த ஒரு துண்டு இறைச்சி வழியாக, உன் கடவுளை மறுதலி என்று அரசன் கேட்டான். மருத்துவர் நம்மிடம் அப்படிக் கேட்பதில்லை. அவர் நீட்டும் இரத்தப் பை நம் நம்பிக்கையை விலையாகக் கேட்பதில்லை. சாட்சியம் பகரச் சாவது ஒன்று. வாழ வழி இருக்கும்போது சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு சாவது வேறொன்று.

அடுத்ததாக, நாத்தனார் காட்டிய முக்கியமான பகுதி திருத்தூதர் பணிகள் 15ஆம் அதிகாரம். பிற இனத்தாரிலிருந்து கிறிஸ்தவர்களானவர்கள் மோசேயின் சட்டத்தைக் கடைப்பிடிக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. எருசலேம் சங்கம் கூடி, வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஆனால் சிலைகளுக்குப் படைக்கப்பட்டவை, இரத்தம், கழுத்து நெரிக்கப்பட்டவை, பரத்தைமை ஆகிய நான்கையும் தவிர்க்கச் சொன்னது. ஒழுக்கம் பற்றியது என்றும் மாறாதது. மற்ற மூன்றும் பந்தி பற்றியவை. யூதக் கிறிஸ்தவர்களும் பிற இனக் கிறிஸ்தவர்களும் ஒரே பந்தியில் அமர வேண்டும். ஒருவருடைய தட்டைப் பார்த்து மற்றவர் அருவருத்து எழுந்து போய்விடக் கூடாது. ஒற்றுமைக்காகக் கேட்ட விட்டுக்கொடுத்தல் அது. அதனால்தான் புனித பவுல், சந்தையில் விற்கும் இறைச்சியைக் கேள்வி கேட்காமல் உண்ணலாம் என்கிறார்; அதே மூச்சில், சகோதரருடைய மனச்சான்று புண்படுமானால் உண்ணாதீர்கள் என்றும் சொல்கிறார் (1 கொரி 10:25-29).

தொடக்கத் திருஅவை இரத்தத்தைத் தவிர்த்தது உண்மை. கி.பி. 177இல் லியோன் நகரில் நடந்த கலாபனையில், கிறிஸ்தவர்கள் குழந்தைகளைத் தின்கிறார்கள் என்று பழி சுமத்தினார்கள். விலங்குகளின் இரத்தத்தைக்கூட உண்ணாத நாங்கள் குழந்தைகளை உண்போமா என்று பிபிலிஸ் என்ற பெண் திருப்பிக் கேட்டார் என வரலாற்றாசிரியர் யூசேபியு பதிவு செய்திருக்கிறார். 692இல் கூடிய துருல்லோ சங்கத்தின் 67ஆம் விதியும் இரத்தம் உண்பதைத் தடை செய்தது. மேற்கில் நிலைமை மாறியது. அந்தக் கட்டளை இரு மக்களையும் இணைக்க அந்தக் காலத்துக்கு ஏற்றதாக இருந்தது, இப்போது அந்தத் தேவை இல்லை என்று புனித அகுஸ்தினார் எழுதினார். 1442இல் புளோரன்ஸ் பொதுச்சங்கமும் அதையே உறுதிப்படுத்தியது. ஆகவே, வீட்டில் ஆட்டு ரத்தப் பொரியல் செய்தால் பாவமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்: பாவமில்லை. அதே நேரம், அதை அருவருப்பவர் பக்கத்தில் அமர்ந்திருந்தால் அவருக்காக அன்று தவிர்ப்பது அன்பு.

சரி, உண்பதும் ஏற்றுவதும் ஒன்றா? 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் இரத்த வகைகளைக் கண்டறிந்த செய்தியை வெளியிட்டார். யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கராகத் திருமுழுக்குப் பெற்றவர் அவர். அதன் பிறகுதான் இரத்தம் ஏற்றுவது ஓரளவு பாதுகாப்பான மருத்துவமானது. உண்ட இரத்தம் வயிற்றில் செரித்து உணவாகிறது. நரம்பில் ஏற்றிய இரத்தம் செரிப்பதில்லை, பசியையும் ஆற்றுவதில்லை. அதன் சிவப்பு அணுக்கள், புதிய உடலிலும் தங்கள் வேலையைத் தொடர்ந்து மூச்சுக்காற்றைச் சுமக்கின்றன. சிறுநீரகத்தைத் தானமாகப் பெறுவது போன்றது அது. எல்லாவற்றுக்கும் மேலாக, லேவியர் நூல் பேசுவது கொல்லப்பட்ட உயிரின் இரத்தத்தைப் பற்றி. இரத்தம் கொடுத்தவரோ சாகவில்லை. கொடுத்துவிட்டு, ஒரு கோப்பை பழச்சாறு குடித்துவிட்டு, எழுந்து வீட்டுக்குப் போகிறார்.

யெகோவாவின் சாட்சிகள் என்னும் குழுவினர் 1945 முதல் இரத்தம் ஏற்றுவதைத் தவறு என்று போதித்து வருகிறார்கள். நாம் அவர்களுடைய விளக்கத்தை ஏற்பதில்லை. ஆனால் அவர்களைக் கேலி செய்யவும் நமக்கு உரிமை இல்லை. தாங்கள் நம்புவதற்காக உயிரையும் இழக்கத் துணிகிறவர்கள் அவர்கள். மனச்சான்றுக்கு எதிராக யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று நம் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டில் சொன்னது. தெளிவாக அறிந்து, தானாக மறுக்கும் வயதுவந்தவரின் கையைப் பிடித்து ஊசி ஏற்ற முடியாது. ஆனால் இன்னும் தானாக முடிவெடுக்க இயலாத குழந்தையின் உயிரைப் பெற்றோர் தங்கள் நம்பிக்கைக்காகக் கொடுத்துவிட முடியாது. அந்த உயிர் அவர்களுடையது அல்ல. உயிர் கடவுளுடையது என்பதுதானே லேவியர் நூல் சொன்னது?

அன்புக்குரியவர்களே, இரத்தத்தைத் தொடவும் அஞ்சிய மக்களிடம்தான் நம் ஆண்டவர், தம் இரத்தத்தைப் பருகச் சொன்னார் (யோவா 6:53-56). பலர் முணுமுணுத்து விலகிப் போனார்கள். இரத்தம் உயிர் என்பதை இயேசு மறுக்கவில்லை. அதனால்தான் கொடுத்தார். தம் உயிரையே கொடுப்பதற்கு வேறு சொல் அவரிடம் இல்லை. ஒவ்வொரு திருப்பலியிலும் பிறருடைய இரத்தத்தால் வாழ்கிறவர்கள் நாம். நாம் போய், இன்னொருவர் இரத்தத்தை ஏற்பது பாவம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கடைசியாக, அந்த அம்மாவிடம் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அன்று அந்த மருத்துவமனையில், பதிலுக்கு இருவர் இரத்தம் கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். வார்டுக்கு வெளியே ஆண்கள் ஆறு பேர் நின்றோம். ஒருவருக்குத் தலைச்சுற்றல் வருமாம். ஒருவர் அலைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனார். ஒரு பெரியவர், "ஏத்துறது யாரு ரத்தமோ?" என்று மெல்லக் கேட்டார். அவர் எதைக் கேட்டார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. ஆறாவது ஆள் நாம்தான். நமக்கு வயதாகிவிட்டது என்று நாமே முடிவு செய்துகொண்டோம். 65 வயது வரை கொடுக்கலாம் என்பதைப் பிறகுதான் விசாரித்து அறிந்தோம். அன்று முன்வந்து கொடுத்தவர், அந்தக் குடும்பத்தை அழைத்து வந்த ஆட்டோ ஓட்டுநர். அவர் நம் மதத்தவர் அல்ல. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

இரத்தத்தை ஏற்பது பாவமா என்று கேட்டோம். அன்று அந்த வராந்தாவில் பாவம் ஏதாவது நடந்திருந்தால், அது ஏற்றதில் இல்லை, கொடுக்காததில் இருந்தது. யாருடைய இரத்தம் என்று கேட்டதில் இருந்தது. பழைய உணவுச் சட்டங்களைக் கடந்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், சாதி என்ற தீட்டுச் சட்டத்தை மட்டும் இன்னும் கைவிடவில்லை.

லாண்ட்ஸ்டெய்னர் பிறந்த ஜூன் 14ஆம் நாளையே உலக இரத்த தானம் செய்வோர் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்த நாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் நல்ல உடல்நலமும் உள்ளவர்கள், மருத்துவர் சரி என்றால், கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதங்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். சென்ற மாதம் நாமும் முதன்முறையாகப் போய்ப் படுத்தோம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

செபிப்போம். உயிரின் ஊற்றாகிய ஆண்டவரே, உம் திருமகனின் இரத்தத்தால் எங்களை வாழவைத்தீரே. எங்கள் நரம்புகளில் ஓடுவதும் உம்முடையதே என்று உணர்ந்து, தேவைப்படுவோருக்கு வேறுபாடு பாராமல் கொடுக்கவும், தேவைப்படும்போது தாழ்மையோடு ஏற்கவும் எங்களுக்கு மனம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.